குளிர்ந்த நீர்க் கலப்புத் தொட்டிக்குப் பாசி தின்னும் மீன் எது?

மூடுபனி (ரிங்லெட்)

அனைவருக்கும் வணக்கம். கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு அருகே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சிற்றூரில் குடியிருக்கிறேன். வீட்டு முன்கூடத்தில் 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட மீன் தொட்டி ஒன்றை 14 மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். மணலும் கல்லும் போக ஏறத்தாழ 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஹீட்டர் கிடையாது. வெப்பமானி காலை 6 மணிக்கு 18 அல்லது 19 டிகிரியும், வெயில் ஏறிய பிற்பகலில் 22 டிகிரியும் காட்டுகிறது. இந்தக் குளிருக்கு ஒத்துப்போகும் என்று படித்தறிந்த பிறகே மீன்களைச் சேர்த்தேன்: ஒயிட் கிளவுட் 14, ஜீப்ரா டேனியோ 8, ரோஸி பார்ப் 5, டோஜோ அயிரை 2.

டோஜோ அயிரை முதலில் 3 இருந்தன. மூன்றாவது போன கதையைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். தொட்டி தொடங்கிய மூன்றாம் மாதத்தில், கண்ணாடியில் படிந்த பழுப்புப் பாசியைக் காட்டி, மலைக்குக் கீழே உள்ள ஒரு நகரத்துக் கடையில் யோசனை கேட்டேன். தங்க நிறத்தில், வாயால் கண்ணாடியை உறிஞ்சிக்கொண்டு நிற்கும் விரல் நீள மீன் ஒன்றைக் கொடுத்து, பாசியைத் தவிர வேறெதையும் அது தொடாது என்றார்கள். முதல் சில மாதங்கள் சொன்னபடியே நடந்துகொண்டது. பிறகு பாசியை விட்டுவிட்டு, மற்ற மீன்களுக்குப் போடும் தீவனத்துக்கு முந்திக்கொண்டு வந்தது. ஒரு நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது, மணலில் படுத்திருந்த அயிரையின் விலாவில் அது அட்டையைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அந்த இடத்தில் 10 சென் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்து, நடுவில் சிவந்திருந்தது. நான்காம் நாள் அயிரை இறந்துவிட்டது. தங்க மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது பழுப்புப் பாசி இல்லை. பின்புறக் கண்ணாடியிலும் கற்களிலும் பச்சை மாவு பூசியதுபோல் ஒரு படலம் இருக்கிறது. ஜாவா மாஸ் என்னும் நீர்ச்செடியின் மேல் நூல் பாசி விரல் நீளத்துக்கு வளர்ந்து, காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மிதக்கிறது. இன்னொரு கடையில் 3 அங்குலப் பிளெக்கோவை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என் பெரியப்பா மகன் சயாமிஸ் பாசியுண்ணியை வாங்கச் சொல்கிறார். இன்னோர் உயிரை என் அறியாமையால் இழக்க எனக்கு மனமில்லை. எங்கள் பகுதியில் மாலை இடிமழையின்போது மின்சாரம் அடிக்கடி தடைபடும் என்பதால், ஹீட்டரை நம்பி வெப்பமண்டல மீனை வளர்க்கவும் விருப்பமில்லை. 18 முதல் 22 டிகிரி வரையிலான தண்ணீரில், இருக்கிற மீன்களைத் துன்புறுத்தாமல் பாசியை மேயக்கூடிய மீன் எது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

ஓடைக்கல் (தானா ராத்தா)

வணக்கம் தங்கச்சி. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். இந்த மலையில் ஹீட்டர் இல்லாமலே 20 ஆண்டுகளுக்கு மேலாக மீன் வளர்க்கிறேன்.

உங்களுக்குக் கொடுக்கப்பட்டது கைரினோகைலஸ் என்னும் மீனின் தங்க வகை. கடைகளில் சைனீஸ் அல்ஜி ஈட்டர் என்பார்கள். பெயரில்தான் சீனம், அதன் தாயகம் பெரும்பாலும் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆறுகள். குட்டியாக இருக்கும்வரை பாசியை நன்றாகவே சுரண்டும். வளர வளரப் புரதத்தை நாடும். ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக வளரக்கூடியது. தட்டையான உடல் கொண்ட மீன்களும், அயிரைபோல் அடியில் அசையாமல் படுத்திருக்கும் மீன்களும் கிடைத்தால், அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு தோலின் வழவழப்பைச் சுரண்டித் தின்னும். மற்ற மீன்கள் வாய்வழியே நீரை உள்ளிழுத்துச் செவுள்வழியே வெளியேற்றும். இதற்கோ செவுளின் மேற்புறத்தில் நீரை உள்ளிழுக்கத் தனித் திறப்பு உண்டு. ஆகவே மூச்சுக்காக வாயை எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டிருக்க அதனால் முடியும். நீங்கள் செய்த தவறு என்று இதில் எதுவும் இல்லை; விற்றவர்கள் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

3 அங்குலப் பிளெக்கோவையும் வாங்காதீர்கள். நம் நாட்டில் ஈக்கான் பண்டாராயா, அதாவது மாநகர மீன், என்று அழைக்கப்படுவது அதுதான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் ஓர் அடியைத் தாண்டி வளரும். உங்கள் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது. வளர்ந்தபின் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஆற்றில் விட்டதன் விளைவை இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் பார்க்கிறோம். வலை வீசினால் உள்ளூர் மீனுக்குப் பதில் முள்ளும் தகடுமாக அதுவே ஏறுகிறது. தின்னும் அளவுக்குக் கழிவும் போடும் மீன் அது. நீங்கள் நீக்க நினைக்கும் பாசிக்கு அதுவே உரமாகிவிடும்.

இப்போது எது பொருந்தும் என்பதற்கு வருகிறேன். பாசி என்று ஒரே சொல்லால் குறித்தாலும், உங்கள் தொட்டியில் இருப்பவை இரண்டு வகை. இரண்டையும் தின்னும் வாய்கள் வேறுவேறு. கண்ணாடியிலும் கல்லிலும் படிந்த பச்சைப் படலத்துக்குச் சுரண்டும் வாய் வேண்டும். நூல் பாசிக்குக் கடித்து இழுக்கும் வாய் வேண்டும். இரண்டாவது வாய் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ரோஸி பார்ப் மென்மையான நூல் பாசியை விரும்பித் தின்னும் மீன். அது தின்னவில்லை என்றால், தீவனம் தாராளமாகக் கிடைக்கிறது என்று பொருள். வாரத்தில் ஒரு நாள் முற்றிலும் பட்டினி, மற்ற நாள்களில் இப்போது போடுவதில் பாதி என்று 3 வாரம் செய்து பாருங்கள். 20 டிகிரித் தண்ணீரில் மீனின் செரிமானம் மெதுவாகத்தான் நடக்கும். சமவெளியில் வளர்ப்பவர்கள் போடும் அளவை நாமும் போட்டால் அது மிகை. (ஜாவா மாஸையும் அவை கொஞ்சம் பிய்க்கும். அது திரும்ப வளர்ந்துவிடும் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.)

சுரண்டும் வாய்க்கு என் முதல் பரிந்துரை மலையோடை அயிரை. செவெலியா என்ற பெயரில் வியட்நாமிலிருந்து வருவதும், காஸ்ட்ரோமைசான் என்ற பெயரில் நம் சபா, சரவாக் ஓடைகளிலிருந்து வருவதும் கடைகளில் கிடைக்கும். காஸ்ட்ரோமைசான் போர்னியோவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத இனம். மார்புத் துடுப்புகளும் வயிற்றுத் துடுப்புகளும் விரிந்து, உடலின் அடிப்பக்கம் முழுவதும் ஓர் உறிஞ்சு தட்டுப்போல் அமைந்திருக்கும். பாறைமேல் வெள்ளம் புரண்டு ஓடினாலும் பிடி தளராது. பெரும்பாலானவை இரண்டரை அங்குலத்தைத் தாண்டாது. கல்லின்மேல் படியும் மெல்லிய பாசிப் படலமும் அதற்குள் வாழும் நுண்ணுயிர்களும்தான் அதன் உணவு. மற்ற மீனின் தோலைத் தொடாது. தங்களுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சற்றே தள்ளிக்கொள்ளும். காயம் ஏற்பட்டு நான் பார்த்ததில்லை.

ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இந்த மீன் சாவதற்குப் பெரும்பாலும் வெப்பமே காரணம். கடல்மட்டக் கணக்கில் 28 டிகிரி நீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். 20 டிகிரி நீர் 9.1 மில்லிகிராம் தாங்கும். நம் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அந்த எண்ணும் சற்றுக் குறையும் என்றாலும், நீரோட்டம் கொடுத்தால் ஈடுசெய்துவிடலாம். மற்றவர்கள் குளிரூட்டி வாங்கி உண்டாக்கும் நிலை உங்கள் முன்கூடத்தில் செலவில்லாமல் இருக்கிறது. அதற்குரிய மீனை வளர்ப்பதுதானே முறை?

நீரோட்டம் எவ்வளவு இருக்கிறது, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் எழுதுங்கள்.

கிந்தாக்கரை (ஈப்போ)

ஓடைக்கல் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மலையோடை அயிரையை முதல் பரிந்துரையாக வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நான் 11 ஆண்டுகள் அலங்கார மீன் கடையில் வேலை செய்தவன். அந்த மீன்களில் பல காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை. பிடித்த இடத்திலிருந்து கடைக்கு வந்து சேருவதற்குள் பல நாள்கள் வெறும் தண்ணீரிலேயே கிடந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பார்த்தால்தான் அது உள்வாங்கியிருப்பது தெரியும். அப்படிக் குழி விழுந்த மீன், பாசி நிறைந்த தொட்டியில் விட்டாலும் பல நேரங்களில் மீள்வதில்லை. வாங்குவதானால், வயிறு தட்டையாகவோ சற்றே உப்பியோ இருப்பதையும், கடைத்தொட்டியில் குறைந்தது இரண்டு வாரமாவது இருந்ததையும் மட்டும் வாங்குங்கள். வயிற்றைப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

ஓட்டோசிங்க்ளஸ் என்ற சிறிய மீனையும் யாராவது சொல்வார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாசியை மேய்வதில் மிக நல்ல மீன், எவரையும் துன்புறுத்தாது. ஆனால் பயணத்தில் பட்டினி கிடக்கும் தொல்லை அதற்கு இன்னும் அதிகம்; 21 டிகிரிக்குக் கீழே நாள்தோறும் இறங்கும் தொட்டி அதற்கு எல்லைக்கோடு.

சயாமிஸ் பாசியுண்ணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கருந்தாடிப் பாசியைத் தின்னும் மீன்கள் மிகச் சில. இளமையில் அதை நம்பகமாகத் தின்பது இதுதான். நம் தீபகற்பத்து ஆறுகளிலும் வாழும் மீன் அது. ஆனால் அதற்கு ஏற்றது 24 முதல் 26 டிகிரி. உங்களிடம் இருப்பதும் கருந்தாடிப் பாசி இல்லை. 5 அங்குலத்தைத் தாண்டி வளர்ந்தபின் தீவனத்துக்கே பழகிவிடும். பெரியப்பா மகன் வாங்க விரும்பினால் அவருக்கு ஓர் உதவிக் குறிப்பு: உண்மையான மீனில் உடல் நெடுக ஓடும் கருங்கோடு வால் துடுப்புக்குள்ளும் சென்று கவடுவரை நீளும், கோட்டின் மேல்விளிம்பு அறுவாள் பல்போல் ஏறி இறங்கும், துடுப்புகள் நிறமற்றிருக்கும். கோட்டுக்கு மேலே பொன் வரி ஓடி, துடுப்புகளில் நிறம் தெரிந்தால் அது பிளையிங் பாக்ஸ் என்னும் வேறு மீன். வளர்ந்தபின் தன் இடத்துக்கு யாரையும் அண்ட விடாது.

எனவே என் தேர்வு புதர்மூக்குப் பிளெக்கோ, அதாவது அன்சிஸ்ட்ரஸ். பெயரில் பிளெக்கோ இருந்தாலும் 4 அல்லது 5 அங்குலத்தில் நின்றுவிடும். நம் நாட்டுப் பண்ணைகளில் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்படுவதால் பட்டினியோடு வராது. தீவன வில்லையையும் உடனே தின்னும். ஒன்று போதும். இரண்டு ஆண்களை வைத்தால் ஒரே பொந்துக்காகச் சண்டையிடும். ஆணுக்கு மூக்கின்மேல் கிளைவிட்ட மீசை முளைக்கும், பெண்ணுக்கு அது இல்லை அல்லது விளிம்பில் மட்டும் சிறிதாக இருக்கும். ஒரு மரக்கட்டை அவசியம் வேண்டும். அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். 20 டிகிரிக்கு மேல் நன்றாக இயங்கும். காலை 18 டிகிரியில் மந்தமாகத்தான் இருக்கும், மதியம் சூடேறியதும் தேறிவிடும். இங்கே ஈப்போவிலிருந்து மேலே வாங்கிச் சென்ற வாடிக்கையாளர்கள் பலர் ஹீட்டர் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள்.

எந்த மீனை வாங்கினாலும், கொண்டுசெல்லும் முறையில் கவனம் தேவை. எங்கள் கடைத் தண்ணீர் 28 டிகிரி; உங்கள் தொட்டி 19. பையை 20 நிமிடம் மிதக்கவிட்டுத் திறந்துவிடும் வழக்கமான முறை 2 டிகிரி வேறுபாட்டுக்குப் போதும், 9 டிகிரிக்குப் போதாது. அன்று ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்தில் வெண்புள்ளி நோய் வந்து நிற்கும். முடிந்தால் இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒரு 20 லிட்டர் வாளியில் சிறிய ஹீட்டரும் காற்றுப் பம்ப்பும் வைத்து, 27 டிகிரியில் தொடங்கி, நாளுக்கு ஒரு டிகிரி வீதம் இறக்குங்கள். வாளியின் தண்ணீரில் பாதியை நாள்தோறும் மாற்றுங்கள். பழக்கும் காலமும் நோய் காக்கும் தனிமைக் காலமும் ஒன்றாகவே முடிந்துவிடும். அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை மின்சாரம் நின்றாலும், வாளியைக் கம்பளியால் சுற்றி வைத்தால் சூடு மெதுவாகத்தான் இறங்கும்.

மூடுபனி (ரிங்லெட்)

இருவருக்கும் என் நன்றி. அந்த மீன் எப்படி அவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் விளங்கியது.

ஐயா கேட்ட விவரங்கள்: வடிகட்டியின் பெட்டியில் மணிக்கு 600 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. விளக்கைக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது 7 மணிக்குப் போடுவேன். இரவு 10 மணிக்கு அணைப்பேன். கிழக்குச் சன்னலின் வெயில் காலையில் ஒரு மணி நேரம் பின்கண்ணாடியில் விழும். தண்ணீர் தோட்டத்துக் குழாயில் வருவது. மேலே ஓடையில் தடுப்புக் கட்டிச் சாய்வாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். வாரந்தோறும் கால்பகுதி மாற்றுகிறேன். தீவனம் நாளுக்கு இரண்டு முறை. பிள்ளைகள் மூன்றாவது முறையும் போடுகிறார்கள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

அமானோ இறால், நத்தை போன்றவற்றைச் சேர்க்கலாமா என்றும் சொல்லுங்கள்.

நீர்மானி (பெர்தாம் பள்ளத்தாக்கு)

அக்கா, நான் தோட்டப் பயிர்ப் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதிய கடைசி வரிகளைப் படித்ததும் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

15 மணி நேர விளக்கும் அதற்கு மேல் காலை வெயிலும் விழும் தொட்டியில், எந்த மீனை விட்டாலும் பாசி வளரும் வேகத்தை அதனால் எட்ட முடியாது. கடையில் டைமர் பிளக் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி, மாலை 3 மணி முதல் இரவு 10 மணி வரை என்று 7 மணி நேரத்துக்கு அமைத்துவிடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது எரிந்தால் போதுமே. சன்னல் பக்கக் கண்ணாடியில் வெளியிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். தோட்டத்து ஓடைத் தண்ணீர் கண்ணுக்குப் பளிங்காக இருக்கும். ஆனால் தேயிலைக்குத் தழைச்சத்து உரம் போட்டபின் மழை பெய்தால், கரைந்தது சரிவில் இறங்கி ஓடையில்தான் சேரும். என் வீட்டிலும் அப்படிப்பட்ட குழாய்த் தண்ணீர்தான். நைட்ரேட் சோதனைக் குப்பியில் சாதாரண நாள்களில் மஞ்சளாக நிற்கும் நிறம், உரம் போட்ட வாரத்தில் பெருமழைக்கு மறுநாள் செம்மஞ்சளுக்குப் போனதை நானே பார்த்தேன். அந்த நாளில் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினால், பாசிக்கு உரக் கரைசலை ஊற்றுவதற்குச் சமம். ஆகவே மழை நின்று இரண்டு மூன்று நாள் கழித்துப் பிடித்து வைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். தகரக் கூரையில் விழும் மழைநீரைப் பிடிப்பதானால் முதல் அரைமணி நேரத்துத் தண்ணீரை விட்டுவிடுங்கள்.

இறாலைப் பற்றிக் கேட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகள் காய்கறிப் பயிர்களுக்குப் பரவலாகத் தெளிக்கப்படுபவை. மீன் தாங்கும் அளவுச் செம்பையே இறாலும் நத்தையும் தாங்காது. உங்கள் ஓடைக்கு மேலே காய்கறித் தோட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், செம்புச் சோதனைக் குப்பி ஒன்று வாங்கிச் சோதிக்காமல் இறால் வாங்காதீர்கள். தண்ணீர் நல்லதென்று தெரிந்தால் அமானோ இறால் உங்கள் தொட்டிக்கு மிகப் பொருத்தம்: 18 டிகிரியிலும் நன்றாக இருக்கும், நூல் பாசியைக் காலால் இழுத்துத் தின்னும், 2 அங்குலம்வரை வளர்வதால் பார்ப்பும் டேனியோவும் விழுங்க முடியாது. அதன் குஞ்சுகளுக்கு உவர்நீர் தேவைப்படுவதால் தொட்டியில் பெருகியும் போகாது. சிறிய செர்ரி இறாலை வைத்தால் குஞ்சுகள் அனைத்தையும் பார்ப் தின்றுவிடும். நெரைட் நத்தையை நான் சேர்க்க மாட்டேன். நம் மலைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஓட்டின் முனையிலிருந்து வெள்ளை வெள்ளையாக அரித்துக்கொண்டே வரும். இறாலுக்குத் தோல் உரிக்கவும் சுண்ணாம்பு வேண்டும் என்பதால், நன்றாக வேகவைத்துத் தேய்த்துக் கழுவிய கெராங் சிப்பி ஓடுகள் ஒரு கைப்பிடியை வடிகட்டியில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. பாசி குறைந்த நாள்களில் பாசி மீனுக்குக் காய்கறி போடச் சொல்வார்கள். வெள்ளரிக்காயோ சாலட் கீரையோ சந்தையில் வாங்கியது என்றால் மருந்து தெளித்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. நமக்குச் சிறிதென்று தோன்றும் மிச்சம் 160 லிட்டர் தண்ணீரில் இறாலுக்குப் பெரிது. வீட்டுச் செடித்தொட்டியில் மருந்தில்லாமல் வளர்த்த பசலைக்கீரையை ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கிப் போடுங்கள். அப்படி இல்லையென்றால், தோலைத் தடிப்பாகச் சீவிய பூசணித் துண்டு போதும்.

ஓடைக்கல் (தானா ராத்தா)

தம்பி நீர்மானி சொன்னது முழுவதும் சரி. விளக்கின் நேரத்தைக் கேட்டபோது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உரம் போட்ட வாரத்தில் தண்ணீர் மாற்றும் செய்தி எனக்கே புதிது. என் ஒயிட் கிளவுட் தொட்டியில் ஆண்டுக்கு இரண்டு முறை திடீரென்று பச்சை பிடிப்பதன் காரணத்தை இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்தேன்.

கிந்தாக்கரை தம்பி மலையோடை அயிரையின் வயிற்றைப் பற்றிச் சொன்னதையும் மறுக்க மாட்டேன். அவர் கடைப்பக்கம் நின்று பார்த்தவர். என் தொட்டியில் உள்ள 5 செவெலியாக்களையும் நான் கடைக்கு மூன்று முறை போய்ப் பார்த்த பிறகுதான் வாங்கினேன். இருந்தாலும் 18 டிகிரியில் மந்தமாகக் கிடக்கும் மீனைவிட, 18 டிகிரியில் துள்ளும் மீனே இந்தத் தொட்டிக்கு ஏற்றது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. காலையில் விளக்குப் போடும் முன் என் தொட்டியின் முன் உட்கார்ந்து பார்த்தால், வடிகட்டியின் நீர் வந்து மோதும் கல்லின்மேல்தான் ஐந்தும் இருக்கும். மேய்ந்து நகர்ந்த பாதை கல்லில் கோலக்கோடுபோல் தெளிந்து தெரியும். அன்சிஸ்ட்ரஸ் மீனோ பொந்துக்குள் உறங்கும்.

ஆனால் இப்போதுள்ள நிலையில் உங்கள் தொட்டி அதற்குப் போதாது, தங்கச்சி. 160 லிட்டருக்கு மணிக்கு 600 லிட்டர் என்பது நான்கு மடங்குகூட இல்லை. இந்த மீனுக்குப் பத்து மடங்கு வேண்டும். மணிக்கு 1,000 லிட்டர் தள்ளும் சிறிய நீரோட்டப் பம்ப் ஒன்றை இடது மூலையில் வைத்து, நீளவாக்கில் ஓடும்படி திருப்புங்கள். அந்தப் பக்கம் வழவழப்பான பெரிய ஆற்றுக் கற்களை அடுக்குங்கள். வலப்பக்கம் மரக்கட்டையும் ஜாவா மாஸும் மணலும் இருக்கட்டும். நடுவில் ஒரு பெரிய கல்லை நிறுத்தினால் வேகம் தடைப்பட்டு, உங்கள் டோஜோ அயிரைகளுக்கு அமைதியான இடம் கிடைக்கும். டேனியோவும் ஒயிட் கிளவுடும் ஓடைமீன்களே. ஓட்டத்தை எதிர்த்து வரிசையாக நீந்துவதைப் பிள்ளைகள் பார்த்து மகிழ்வார்கள். மின்சாரம் நிற்கும் நேரத்துக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள்.

விளக்கைக் குறைத்ததும் கல்லில் உள்ள பாசியும் குறையும். பிறகு வரும் மீன் எதைத் தின்னும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு நான் செய்வது இது. வெள்ளை வாளி ஒன்றில் தொட்டியிலிருந்து மாற்றி எடுத்த தண்ணீரை ஊற்றி, உள்ளங்கை அளவுள்ள கற்கள் ஏழெட்டைப் போட்டு, வெயில் படும் வாசற்படியில் வைத்துவிடுவேன். இரண்டு மூன்று வாரத்தில் கற்கள் பச்சையும் பழுப்புமாகப் படர்ந்துவிடும். வாரத்துக்கு இரண்டு கல்லைத் தொட்டிக்குள் வைத்து, மேய்ந்து வெளுத்த இரண்டை எடுத்து வாளியில் போடுவேன். வாளியில் கொசுப்புழு வந்தால் வலையால் அள்ளி டேனியோவுக்குப் போடுங்கள். மேலே கொசுவலைத் துணியைக் கட்டிவிட்டால் அதுவும் வராது.

பின்கண்ணாடிப் படலத்தில் ஒரே ஒரு சந்தேகம். விரலால் தேய்த்தால் மாவுபோல் கலைகிறதா, அல்லது வழவழப்பான ஏடாக உரிந்து மண்வாடை வீசுகிறதா? ஏடாக உரிந்தால் அது பாசியே அன்று. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். அதைத் தின்னும் மீன் எதையும் எவரும் உங்களுக்கு விற்க முடியாது.

மூடுபனி (ரிங்லெட்)

இப்போதுதான் கையை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மாவுபோல் கலைந்து தண்ணீரில் புகைபோல் பரவியது. வாடை எதுவும் இல்லை.

டைமர் இன்று மாலை வாங்கிவிட்டேன். கறுப்பு அட்டையை மகன் ஒட்டிக்கொண்டிருக்கிறான். தீவனப் புட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. ஓடைத் தடுப்புக்கு மேலே என்ன பயிர் இருக்கிறது என்று, குழாயைப் பராமரிக்கும் அண்ணனிடம் கேட்டேன். தேயிலைக்கு அப்பால் தக்காளிக் கொட்டகைகள் இரண்டு இருப்பதாகச் சொன்னார். எனவே செம்புச் சோதனை முடியும்வரை இறால் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

மீனைப் பொறுத்தவரை, கிந்தாக்கரை அண்ணன் மன்னிக்க வேண்டும். மலையோடை அயிரையையே தேர்ந்தெடுக்கிறேன், ஆனால் அண்ணன் சொன்ன முறையில் வயிற்றைப் பார்த்து வாங்குவேன். இரண்டு மாதம் போகட்டும். நீரோட்டப் பம்ப்பை வைத்து, கற்களை மாற்றி அடுக்கி, இருக்கிற மீன்கள் அதற்குப் பழகிய பிறகு ஈப்போவுக்கு இறங்கலாம் என்றிருக்கிறேன். நான்கு வாங்கினால் போதுமா, அல்லது ஐந்தாக வாங்க வேண்டுமா?

கிந்தாக்கரை (ஈப்போ)

மன்னிக்க என்ன இருக்கிறது, தங்கச்சி? நீரோட்டம் அமைத்த பிறகு வாங்குவதானால் எனக்கும் அதில் மறுப்பில்லை. நான்கு போதும். ஒரே அளவுள்ளவையாகப் பாருங்கள். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் நல்ல கல்லையெல்லாம் அதுவே பிடித்துக்கொள்ளும். கடையில் சரக்கு இறங்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு வாரம் தள்ளி வாருங்கள். மேலே போகும்போது சிம்பாங் பூலாய் வழியோ தாப்பா வழியோ, எதுவானாலும் பையைக் காரின் குளிரூட்டிக் காற்றுக்கு நேராக வைக்காமல், பாலிஸ்டைரின் பெட்டியில் மூடி எடுத்துச் செல்லுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனும் நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

நீர்மானி (பெர்தாம் பள்ளத்தாக்கு)

அக்கா, என்னிடம் செம்புச் சோதனைக் குப்பி ஒன்று பாதி மீதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் பக்கம் வருவேன். மழை பெய்த மறுநாள் பிடித்த தண்ணீர் ஒரு போத்தலும், வெயில் நாளில் பிடித்தது ஒரு போத்தலும் தனித்தனியே தேதி எழுதி எடுத்து வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.